வீடு வந்திருக்கு, ஆள் எங்கே?

உங்கள் வீட்டு ஹாலில் ஒரு குரூப் போட்டோ மாட்டியிருக்கிறதா? எழுந்துபோய் ஒரு நிமிஷம் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். பக்கத்தை மடித்து வைத்துக்கொள்ளலாம், பரவாயில்லை. காத்திருக்கிறேன்.

பார்த்தாச்சா? அதில் எத்தனை பேர் முகம் தெரிகிறது? இது பெரியப்பா, இது சின்ன அத்தை என்று விரல் வைத்துக் காட்டுகிற அளவுக்குத் தெரிந்தால் போதாது. சின்ன அத்தை எப்படிச் சிரிப்பார், பெரியப்பா எப்படி முறைப்பார் என்று, அவர்களைப் பார்த்தே இராத உங்கள் பேரன் சொல்ல வேண்டும். அந்த அளவுக்குத் தெரிகிறதா?

எங்கள் வீட்டுப் படத்தில் ஒருத்தர் முகமும் தெரியாது. ஆனால் வீடு தெரியும். பிரமாதமாகத் தெரியும்!

சினிமாப் படத்தை விமர்சனம் செய்ய ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஹாலில் மாட்டிய படத்தை யாரும் விமர்சனம் செய்வதில்லை. செய்தால் சொந்தக்காரர்களுக்குக் கோபம் வரும். அதனால் என் வீட்டுப் படத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

1999. விருதுநகரில் அப்பா கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். ரிட்டயர்மென்ட் பணம் மொத்தமும் செங்கல்லாகவும் சிமென்ட்டாகவும் நின்ற நாள். விடியற்காலையில் பால் காய்ச்சி, ஹோமம் முடித்து, பந்தி நடந்து, கடைசிப் பந்திக்கும் பாயசம் ஊற்றி முடிக்கையில் மணி பன்னிரண்டு. சித்தப்பா கையில் துபாயிலிருந்து கொண்டுவந்த யாஷிகா. “எல்லாரும் வாசலுக்கு வாங்க, வீட்டோட சேர்த்து ஒண்ணு எடுத்துருவோம்.”

'வீட்டோட சேர்த்து.' இந்தப் படத்தின் கதை, திரைக்கதை, வசனம் எல்லாம் அந்த இரண்டு வார்த்தைதான்.

வீடு முழுசாக விழ வேண்டும் என்று சித்தப்பா பின்னாலேயே போனார். ரோட்டைத் தாண்டி, எதிர் வீட்டுக் காம்பவுண்டில் முதுகு முட்டும்வரை போனார். அங்கிருந்து பார்த்தால் வீடு ஜம்மென்று விழுகிறது. கீழே கால்வாசி ரோடும் விழுகிறது. நடுவில் நாங்கள் 18 பேர், கடையில் அடுக்கின சோடா பாட்டில் மாதிரி ஒரே வரிசை. அப்பா அதை எட்டுக்குப் பன்னிரண்டு இன்ச்சில் பெரிசு பண்ணி ஃப்ரேம் போட்டார். நான் படித்தது பி.காம்., எதையும் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒருநாள் ஸ்கேல் வைத்து அளந்தேன். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி 4 சென்டிமீட்டர். அதைக் கட்டிய அப்பாவின் தலை 7 மில்லிமீட்டர்.

சித்தப்பாவைக் குறை சொல்லவில்லை. அப்பாவுக்கும் அன்றைக்கு வீடுதான் ஹீரோ. அதை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் வீட்டைத் தனியாக ஒன்று எடுத்துவிட்டு, பத்தடி முன்னால் வந்து ஆட்களைத் தனியாக ஒன்று எடுத்திருக்கலாம். ஒரு படத்துக்கு ஒரு வேலைதான் கொடுக்க முடியும். தஞ்சாவூர்க் கோபுரத்தின் உச்சிக் கலசமும் வர வேண்டும், கீழே நிற்கிற மனைவியின் மூக்குத்தியும் தெரிய வேண்டும் என்றால் நடக்காது. நம் ஆல்பங்களில் பாதிக்கு மேல் இந்தக் கலசக் கேஸ்தான். மெரினா வந்திருக்கும், ஊட்டி ஏரி வந்திருக்கும், மைசூர் அரண்மனை வந்திருக்கும். ஆள் ஒரு புள்ளி.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். சூரியன் போட்டோ எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் ஒரு சட்டம். சாதாரணக் கேமராவும் வேகம் கம்மியான ஃபிலிமும் இருந்த நாளில் அதற்கு அர்த்தம் இருந்தது. எடுப்பவருக்கு நல்லது. நிற்பவர் கதி? சூரியனைப் பார்த்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்க வேண்டும். நாங்கள் நின்றதோ உச்சி வெயில். வெளிச்சம் மண்டை மேலிருந்து நேராக இறங்கி, புருவத்துக்குக் கீழே இரண்டு கறுப்புக் குழி, மூக்குக்குக் கீழே ஹிட்லர் மீசை. பெண்களுக்கும்! இத்தனைக்கும் பின்னாலேயே திண்ணை இருக்கிறது. திண்ணை நிழலில், விளிம்பை ஒட்டி, வெளியைப் பார்த்து உட்கார வைத்திருந்தால் வெளிச்சம் எதிரிலிருந்து மெத்தென்று வந்து முகத்தில் விழுந்திருக்கும். எந்த ஸ்டூடியோ விளக்கும் அதற்கு ஈடில்லை. திண்ணை இல்லாத ஃபிளாட் என்றால் ஜன்னல். ஜன்னலை ஆளுக்குப் பின்னால் விடாமல் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், போதும்.

பெரியப்பா தலையிலிருந்து ஒரு வாழை மரம் குலையோடு முளைத்திருப்பதை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். வாசலில் கட்டிய மரம் அது. கிளிக்குகிறவர் ஓர் அடி இடது பக்கம் நகர்ந்திருந்தால் பெரியப்பா மரமாகாமல் தப்பித்திருப்பார்.

எனக்கு நிஜமாகவே எரிச்சல் வருவது நாங்கள் நிற்கிற விதத்தைப் பார்த்தால்தான். ஆண்கள் எல்லாரும் என்.சி.சி. அட்டென்ஷன். கை இரண்டும் தொடையோடு ஒட்டியிருக்கிறது. பெண்கள் முந்தானையை இழுத்துப் பிடித்தபடி. யாரும் யாரையும் தொடவில்லை. அரை மணி முன்னால் பந்தியில் ஒருத்தர் இலையிலிருந்து ஒருத்தர் அப்பளத்தைத் திருடித் தின்றவர்கள், கேமராவைப் பார்த்ததும் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க வந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டோம்.

இந்த விறைப்பு எங்கிருந்து வந்தது? போட்டோ என்பது பிறந்த காலத்தில், 1840களில், ஓர் ஆளைப் படம் பிடிக்க பல விநாடி, சில சமயம் நிமிஷக்கணக்கே பிடிக்கும். அசைந்தால் முகம் கலங்கிவிடும். அசையாமலிருக்க, உட்கார்ந்தவர் கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவை ஒன்றை முட்டுக் கொடுத்தார்கள். அவ்வளவு நேரம் யாராலும் சிரித்த முகமாக இருக்க முடியாது. அப்புறம் ஃபிலிமுக்கு வேகம் வந்தது. இரும்புக் கவை போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு. நம் கழுத்து மட்டும் இன்னும் அதில்தான் மாட்டியிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. நம்மூர் ஸ்டூடியோக்காரர்கள் நம்மைவிட எவ்வளவோ தேவலை. தாத்தா பாட்டி கல்யாணமான புதிதில் எடுத்த படத்தைப் பாருங்கள். பின்னால் வரைந்த திரைச்சீலையில் மாளிகையும் பூந்தொட்டியும் படு அபத்தமாகத்தான் இருக்கும். ஆனால் தாத்தா நாற்காலியில், பாட்டி பக்கத்தில் நின்று நாற்காலி முதுகில் கை வைத்திருப்பார். தலைகள் ஒரே மட்டத்தில் இல்லை, ஒரு முக்கோணம் விழுந்திருக்கிறது. தாத்தா கைக்கு ஒரு புத்தகமோ தடியோ கொடுத்திருப்பார்கள். ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து வெளியே வந்து, தாடையைத் தொட்டுக் கொஞ்சம் திருப்பி, 'ஆங், இப்படியே' என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போவார். கைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் கைக்கே கேமரா வந்ததும் அந்த ஞானத்தை அங்கேயே விட்டுவிட்டு, 'அசையாதே' என்கிற ஒன்றை மட்டும் கொண்டுவந்துவிட்டோம்.

இதே குரூப் போட்டோவைக் காவியமாக்கின ஒருவர் இருக்கிறார். அமெரிக்கர், நிக்கோலஸ் நிக்சன். 1975-ல் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தார். அடுத்த வருஷமும் எடுத்தார். அதற்கடுத்த வருஷமும். நாற்பது வருஷத்துக்கும் மேலே போனது. பெரிய பெட்டிக் கேமரா, கறுப்பு வெள்ளை. நான்கு பேரும் எப்போதும் அதே வரிசை. 2014-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் நாற்பது படங்களையும் சேர்த்து மாட்டியது. வரிசையாகப் பார்த்தால் அடிவயிறு கலங்கும். பெண்கள் மெல்ல மெல்ல நடுவயதாகி முதுமைக்கு வருகிறார்கள். அவ்வளவுதான் கதை.

அந்தப் படங்களில் என்ன மாயம் என்று நானும் உற்று உற்றுப் பார்த்திருக்கிறேன். பின்னணி பெரும்பாலும் ஒன்றுமே இல்லை, கொஞ்சம் புல், கொஞ்சம் மரம், இல்லாவிட்டால் ஒரு சுவர். கிட்டத்தில் நின்று எடுத்திருக்கிறார், பல படங்களில் இடுப்புக்கு மேலேதான். அனேகமாக யாரும் பல்லைக் காட்டிச் சிரிப்பதில்லை. ஆனால் ஒருத்தி கை இன்னொருத்தி தோளில் இருக்கிறது. ஒருத்தி சாய்ந்திருக்கிறாள். இந்த வருஷம் இவளுக்கும் அவளுக்கும் ஏதோ மனஸ்தாபமோ என்று நமக்குச் சந்தேகம் வருகிறது. சில படங்களில் எடுப்பவரின் நிழலே அவர்கள் மேல் விழுகிறது. எந்தப் போட்டோ வாத்தியாரும் அதைத் தப்பு என்றுதான் அடிப்பார். அங்கே அது தப்பாகத் தெரியவில்லை. வீட்டுக்காரரும் படத்துக்குள் வந்துவிட்டார் என்று தோன்றுகிறது. சட்டம் எல்லாம் எங்கே உடைகிறது பாருங்கள்!

அவர் தொழில்முறைக் கலைஞர், நமக்கு எதற்கு என்பீர்கள். சரி, இந்தியாவிலேயே ஓர் அமெச்சூர் இருக்கிறார். உம்ராவ் சிங் ஷேர்கில், 1870-ல் பிறந்தவர். ஓவியர் அம்ரிதா ஷேர்கிலின் அப்பா. சமஸ்கிருதமும் பாரசீகமும் படித்த மனிதர், போட்டோ அவருக்குப் பிழைப்பு இல்லை. ஹங்கேரிய மனைவியையும் இரண்டு பெண்களையும் தன்னையும் வீட்டுக்குள் வைத்தே பல பத்து வருஷம் எடுத்துத் தள்ளினார். பின்னாளில் அவர் பேரன், ஓவியர் விவான் சுந்தரம், அந்தக் குடும்பப் படங்களை வைத்தே புதுக் கலைப் படைப்புகள் செய்தார். உம்ராவ் சிங் எடுத்ததெல்லாம் சொந்த வீடு, சொந்த மனிதர்கள். அவருடைய கேமரா நம் போனைவிட நூறு மடங்கு கஷ்டமான சாமான்.

நம் போன். அதற்கு வந்தால் வேறு மாதிரிப் பிரச்னை. இப்போது ஃபிலிம் செலவு இல்லை, கழுவுகிற செலவு இல்லை. சித்தப்பா அன்றைக்கு ஒரே ஒரு கிளிக்தான் அடித்தார், ரோலில் மிச்சம் இருந்ததே இரண்டோ மூன்றோ. அந்த ஒன்றில் நாலு பேர் கண்ணை மூடியிருக்கிறார்கள். இதற்குக் கணக்கே இருக்கிறது தெரியுமா? ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் என்று இரண்டு பேர் போட்டார்கள். குரூப்பில் இருபது பேருக்குள் என்றால், நல்ல வெளிச்சத்தில் தலை எண்ணிக்கையை மூன்றால் வகுத்து வருகிற அத்தனை படம் எடுக்க வேண்டும். வெளிச்சம் மோசமென்றால் இரண்டால் வகுக்க வேண்டும். அப்போதுதான் எல்லாரும் கண் திறந்த படம் ஒன்றாவது அனேகமாகத் தேறும். இதற்காக 2006-ல் அவர்களுக்கு இக்நோபல் பரிசும் கொடுத்தார்கள். முதலில் சிரிக்க வைத்து, பிறகு யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற பரிசு அது. எங்கள் 18 பேருக்கு ஆறு படம். பி.காம். மூளைக்கு இது ரொம்பப் பிடித்துப்போய், எல்லாக் கல்யாணத்திலும் பிரயோகிக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள்.

ஆனால் இலவசமாகக் கிடைக்கிற கிளிக்கால் ஒன்றும் மாறிவிடவில்லை. அன்று ஒரு மோசமான படம், இன்று அதே மோசத்தில் நாற்பது! போனின் மெயின் லென்ஸ் அகலப் பார்வை கொண்டது. கிட்டே போய் எடுத்தால் ஓரத்தில் நிற்கிறவர் பக்கவாட்டில் இழுபட்டு ஊதிவிடுவார். ஏற்கெனவே கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிற அத்தையை ஓரத்தில் நிறுத்தி அவர் கோபத்துக்கு ஆளாகாதீர்கள். இரண்டடி பின்னால் வந்து, 2 எக்ஸ் என்று இருப்பதைத் தட்டி எடுங்கள், மூக்கு மூக்காக இருக்கும். குழந்தையை எடுப்பதென்றால் நீங்கள் தரையில் உட்காருங்கள். நின்றபடி எடுத்தால் உச்சந்தலையும் இரண்டு கண்ணும்தான் வரும். ஆளை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் இடுப்பிலோ நடுத் தொடையிலோ வெட்டுங்கள். மணிக்கட்டு, முட்டி, கணுக்கால் என்று மூட்டில் வெட்டினால் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். திரையை மூன்று மூன்றாகப் பிரிக்கிற கோடு ஒன்றை போன் காட்டும். அந்த மூன்றில் ஒரு பங்கு விதிக்குப் பேர் வைத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்கிற ஆங்கிலேய ஓவியர், 1797-ல். அவர் யோசித்தது இயற்கைக் காட்சி ஓவியத்துக்கு. குடும்பப் படத்தில் கண்கள் மேல் கோட்டுக்குப் பக்கத்தில் வந்தால் போதும், அதற்கு மேல் அந்தக் கோட்டைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

'ஸ்மைல் ப்ளீஸ்' மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். சொன்னால் வருவது சிரிப்பு இல்லை, பல். மாமாவிடம், “அந்த மனையை அப்ப என்ன விலைக்கு மாமா வாங்குனீங்க?” என்று கேளுங்கள். அவர் முகத்தில் வருகிற பெருமையை எந்த ஃபில்டரும் போட்டுத் தராது. முகத்தை மழமழவென்று ஆக்குகிற பியூட்டி சமாச்சாரத்தை நான் திட்டப் போவதில்லை, இளசுகள் பாடு. எழுபது வயசுக்காரர் சுருக்கத்தை மட்டும் அழிக்காதீர்கள். அழித்தால் அவர் யாரோ.

இன்னும் ஓர் ஆளைப் பற்றிச் சொல்லவில்லை. 18 பேர் என்றேன். பதினெட்டாவது அம்மா.

வரிசையின் வலது கடைசி. சமையல்கட்டிலிருந்து கடைசியாக ஓடிவந்தது அம்மாதான். “நான் எதுக்கு, நீங்கல்லாம் நில்லுங்க” என்று சொல்லிக்கொண்டே வந்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. படத்தின் ஓரத்தில் லேபில் பிரிண்ட் போடும்போது கொஞ்சம் போச்சு. ஃப்ரேம் கட்டை இன்னும் கால் இன்ச் விழுங்கியது. அம்மாவுக்கு ஒரு தோள் கிடையாது. முகத்தில் பாதி, பக்கத்தில் நிற்கிற சித்தியின் நிழல்.

2014-ல் அம்மா இறந்தபோது, மாலை போட ஒரு படம் வேண்டும் என்று ஆல்பங்களை இறக்கினோம். மொத்தம் ஏழு. 412 படம். எண்ணினேன், எண்ணாமல் இருக்க முடியவில்லை. அம்மா இருப்பது 38-ல். அதில் முதுகு, பாதி, யார் தோளுக்கோ பின்னால் ஒரு கண், பந்தியில் குனிந்து பரிமாறுகிற உச்சந்தலை எல்லாம் கழித்தால் மிச்சம் ஐந்து. ஐந்திலும் முகம் தீக்குச்சித் தலை அளவு. கிரகப்பிரவேசப் படத்தைப் பெரிசு பண்ணித் தரச் சொல்லிக் கொண்டுபோனோம். போட்டோக்கடைப் பையன் ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கிக் காட்டினான். பெரிதாக ஆக அம்மா புள்ளி புள்ளியாகக் கலைந்துபோனது. கடைசியில் பேங்க் பாஸ்புக்கில் இருந்த பாஸ்போர்ட் சைஸ் படம்தான். கன்னத்தில் பாதி பேங்க் முத்திரை. அதை அழித்து, பின்னணியை நீலமாக்கி, அம்மா ஜென்மத்தில் கட்டியே இராத ஒரு மெரூன் பட்டுப்புடவையையும் கட்டிவிட்டான். நல்ல பையன், அவனால் முடிந்ததைச் செய்தான். ஹாலில் இப்போது மாட்டியிருப்பது அதுதான். யாரோ மாதிரிதான் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி 'நான் எதுக்கு' ஆள் ஒன்று இருக்கும். அம்மாவாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம். இப்போதெல்லாம் போனைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் எடுக்கிற ஆளாகவும் இருக்கலாம், அவர் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். போனில் டைமர் இருக்கிறது, பத்து விநாடி. ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு அவரையும் உள்ளே இழுங்கள். ஓரத்தில் வேண்டாம், நடுவில் உட்கார வையுங்கள். மற்றவர்களை அவரைச் சுற்றி நிறுத்துங்கள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு 84. சாயங்காலம் நாலரை மணி, திண்ணையில் நல்ல வெளிச்சம். நாற்காலியை எடுத்துப் போட்டேன்.

“எதுக்குய்யா இப்ப போட்டா?” என்றார்.

“சும்மாதான்ப்பா.”

“சும்மாவா?” ஹால் சுவர்ப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். “மாட்டுறதுக்கா?”

எனக்குப் பதில் வரவில்லை. அவரே, “சரி, அந்த வெள்ளைச் சட்டைய எடுத்துட்டு வா” என்றார். வாட்சும் கட்டிக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்ததும் கை இரண்டும் தானாகத் தொடைமேல் போய் விறைத்துக்கொண்டன. வீட்டுக் கொத்தனாரைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். அவர் ஏமாற்றின மணல் கணக்கை இன்னமும் லோடு லோடாகச் சொல்வார் என்று தெரியும். இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்தினார்.

“உங்கம்மாவையும் எடுத்துட்டு வா. தனியா உக்காந்தா நல்லாவா இருக்கு.”

மாலையைக் கழற்றிவிட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு, வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். கைகளுக்கு வேலை வந்துவிட்டது. ஆனால் கண்ணாடியில் தெருவும் நானும் போனும் பளபளவென்று தெரிந்தோம். ஃப்ரேமைக் கொஞ்சம் முன்னால் சாய்க்கச் சொன்னேன். இன்னும் கொஞ்சம். இப்போது நான் மறைந்து அம்மா வந்தது. ஆறு எடுத்தேன்.